கூட்டல் குறி குவில்ட்: வெட்டு முதல் விளிம்பு வரை

ஜூன் 2

குவில்ட்டின், அதாவது மூன்று அடுக்காகத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையின், வடிவம் முடிவாகிவிட்டது. 9 இன்ச் பிளாக் (துண்டுகளை ஒட்டித் தைத்த சதுரம்) 30: குறுக்கே 5, நெடுக்கே 6. ஒவ்வொன்றிலும் ஒரே நிறத்தில் ஒரு கூட்டல் குறி, நான்கு மூலையிலும் வெளிர் சாம்பல். பிளாக்குகளை நேரடியாக ஒட்டித் தைத்தால் குறிகளின் கைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்; தள்ளி நின்று பார்த்தால் கூட்டல் குறி தெரியாது, கட்டம் போட்ட துணிதான் தெரியும். ஆகவே பிளாக்குகளுக்கு நடுவே 1½ இன்ச் இடைப்பட்டை, சுற்றிலும் 3 இன்ச் பார்டர், இரண்டும் அதே சாம்பலில். அப்போதுதான் ஒவ்வொரு குறியும் தனியாக மிதக்கும். தைத்து முடித்த அளவு 57 × 67½ இன்ச்.

துணிக் கணக்கு, ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் இன்ச் சேர்த்து, கரை நீக்கிய பின் 42 இன்ச் அகலம் கிடைக்கும் என்று வைத்து:

சாம்பல்: பிளாக்குகளுக்கு 3½ இன்ச் பட்டை 12, குட்டை இடைப்பட்டைக்கு (ஒரே வரிசையின் பிளாக்குகளுக்கு நடுவே) 2 இன்ச் பட்டை 6, நீள இடைப்பட்டைக்கு (வரிசைகளுக்கு நடுவே) 2 இன்ச் பட்டை 7, பார்டருக்கு 3½ இன்ச் பட்டை 6. கூட்டினால் 89 இன்ச். ஓரம் நேராக்க ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும், ஆகவே இரண்டரை மீட்டர்.

நிறங்கள்: 15. ஒவ்வொன்றிலும் 3½ இன்ச் பட்டை ஒன்று; அதிலிருந்து இரண்டு குறிகள் வரும். கணக்குப்படி 9 சென்டிமீட்டர் போதும். ஆனால் வெட்டிக் கொடுக்கும் ஓரம் கோணலாக இருந்தால் நேராக்கியதும் துணி பற்றாமல் போய்விடும். 15 சென்டிமீட்டர் எடுப்பதே நல்லது.

பைண்டிங்குக்கு (விளிம்பைச் சுற்றி மூடும் பட்டை) அரை மீட்டர், அடித்துணி மூன்றரை மீட்டர், பேட்டிங் (நடு அடுக்கில் வைக்கும் பஞ்சு விரிப்பு) 65 × 76 இன்ச்.

ஜூன் 3

அடர் சிவப்பு, கருநீலம் இரண்டையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தாயிற்று. சிவப்பு ஒட்டியது. அதை மட்டும் தனியாக அலசி, தண்ணீர் தெளிந்து வரும்வரை மூன்று முறை மாற்றி, காயவைத்து இஸ்திரி போட்டாயிற்று. சாம்பல் பின்னணியில் சாயம் இறங்கிவிட்டால் அப்புறம் எடுப்பது பெரும் பாடு.

ஜூன் 4

வெட்டு வேலை. வழக்கமான முறையில் ஒரு பிளாக்குக்கு ஏழு துண்டு: 3½ இன்ச் சதுரம் ஆறு, 3½ × 9½ பட்டை ஒன்று. சின்னச் சதுரங்களை ஒவ்வொன்றாக வெட்டித் தைத்தால் கோணல் சேர வாய்ப்பு அதிகம். இங்கே சதுரமே வெட்டவில்லை. நிறப் பட்டையிலிருந்து 9½ இன்ச் ஒன்று, 7½ இன்ச் ஒன்று. சாம்பலில் 7½ இன்ச் இரண்டு. சாம்பல், நிறம், சாம்பல் என்று மூன்று 7½ இன்ச் துண்டுகளை நீளவாக்கில் தைத்து, பிறகு அதைக் குறுக்கே 3½ இன்ச்சாக இரண்டு முறை வெட்டினால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒரே தையலில் தயார். மீதி அரை இன்ச், இரு ஓரத்தையும் சீராக்குவதற்கு.

மடித்த துணியில் பட்டை வெட்டும்போது மடிப்புக்கு ஸ்கேல் செங்குத்தாக இல்லாவிட்டால், பிரித்ததும் பட்டை நடுவில் ஒடிந்த குச்சி மாதிரி வளைந்திருக்கும். நான்கு பட்டைக்கு ஒருமுறை ஓரத்தை மறுபடி நேராக்க வேண்டும். வெட்டுப் பாயில் உள்ள கோடுகளை நம்பாமல் ஸ்கேலின் கோட்டையே நம்புவது நல்லது; முதல் வெட்டு முதல் கடைசி வரை ஒரே ஸ்கேல். இரண்டு ஸ்கேலுக்குள் ஒரு முடி அளவு வித்தியாசம் இருக்கலாம், 30 பிளாக்கில் அது வெளியே வந்துவிடும். பிளேடு புதிதாகப் போட்டாயிற்று. மழுங்கிய பிளேடு ஆங்காங்கே இரண்டு மூன்று இழைகளை விட்டுவிடும். திரும்ப அறுக்கப் போனால் ஸ்கேல் நகரும்.

ஜூன் 5

இன்று தைத்தது சோதனைத் துண்டு மட்டும். ஆனாலும் மொத்த வேலையில் முக்கியமான நாள் இதுதான்.

1½ இன்ச் பட்டை மூன்றை ஒட்டித் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்தால் சரியாக 1 இன்ச் வர வேண்டும். முதலில் வந்தது அரை நூல் குறைவாக (அளவில் ஒரு நூல் என்பது ⅛ இன்ச்). ஃபுட்டின் (மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) ஓரத்தை அப்படியே பிடித்துத் தைத்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். துணி மடியும் இடத்தில் நூலின் தடிமனும் மடிப்பின் தடிமனும் கொஞ்சம் துணியை விழுங்கிவிடும். ஊசியை ஒரு படி வலப்பக்கம் நகர்த்தித் தைத்ததும் சரியாக 1 இன்ச். கால் இன்ச்சுக்கு இம்மி குறைவு என்பது அந்த ஒரு படிதான்.

இந்த பிளாக்கில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நடுப்பட்டையில் தையலே இல்லை. அது 9½ இன்ச்சாகவே நிற்கும். மேல்வரிசையிலும் கீழ்வரிசையிலும் ஆளுக்கு இரண்டு தையல். ஒவ்வொன்றும் அரை நூல் விழுங்கினால் அந்த வரிசை ஒரு நூல் குறைந்து 9⅜ ஆகிவிடும். அந்த ஒரு நூலை இழுத்து இழுத்துச் சேர்த்தால் பிளாக் கிண்ணம் மாதிரிக் குழியும்.

ஜூன் 6, 7

பிளாக்குகள். முப்பது செட்டையும் நூலை வெட்டாமல் ஒன்றன் பின் ஒன்றாக ஃபுட்டுக்குக் கீழே விட்டு, தோரணம் மாதிரி தைத்து, கடைசியில் பிரித்தெடுத்தாயிற்று. தையல் நீளம் 2 மி.மீ. குறுக்கே வெட்டப்போகிற தையல் என்பதால் இதற்கு மேல் நீளம் வைத்தால் வெட்டிய முனையில் தையல் அவிழும்.

இஸ்திரி: தையல் மடிப்பு எல்லாமே நிறத்துப் பக்கம். சாம்பல் பக்கம் மடித்தால் அடர்நிறம் அடியில் நிழலாகத் தெரியும். துணி மேல் பெட்டியை இழுக்காமல், வைத்து எடுத்து வைத்து எடுத்துப் போட வேண்டும். இழுத்தால் 9½ இன்ச் துண்டு வில்லாக வளையும்.

மூன்று வரிசையையும் சேர்க்கும் இடத்தில்தான் இந்த பிளாக் ஏமாற்றும். ஒன்பது சதுரங்களை ஒட்டும் நைன் பேட்ச்சில் தையலோடு தையல் கோத்துக்கொள்ளும், விரல் நுனியிலேயே தெரியும். இங்கே நடுப்பட்டை மொட்டையாக இருப்பதால் கோத்துக்கொள்ள எதுவும் கிடையாது. மேல்கை ஒரு நூல் இடப்பக்கமும் கீழ்கை ஒரு நூல் வலப்பக்கமும் நகர்ந்தால் போதும், கூட்டல் குறி முறுக்கிக்கொண்ட மாதிரித் தெரியும். தைக்கும்போது கண்ணுக்குப் படாது, சுவரில் மாட்டினால்தான் படும்.

அதற்குச் செய்தது: நடுப்பட்டையின் இரு நீள ஓரத்திலும், உள்பக்கம், இடது முனையிலிருந்து 3¼ இன்ச்சிலும் 6¼ இன்ச்சிலும் நீலக் கழுவும் பேனாவால் சின்னக் கோடு. கைச்சதுரத்தின் இரு தையலும் அந்தக் கோடுகளில் உட்கார வேண்டும். முதலில் அந்த இரண்டு இடத்தில் குண்டூசி, பிறகுதான் முனைகளில். முனையில் இம்மி மிச்சம் இருந்தால் இருக்கட்டும். கண் பார்ப்பது கையை, முனையை அல்ல. இந்தப் பேனாக் கோட்டின் மேல் இஸ்திரி படக்கூடாது, சூடு பட்டால் நிலைத்துவிடலாம். ஈரத் துணியால் துடைத்த பிறகே இஸ்திரி.

ஜூன் 8

முப்பதையும் அளந்ததில் 26 பிளாக் 9½. மூன்று அரை நூல் குறைவு. அவற்றை அப்படியே வைத்து, இடைப்பட்டை சேர்க்கும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம். ஒன்று ஒரு நூல் கூடுதல். கூடுதலை ஒரே பக்கம் நறுக்கினால் அந்தக் கை மட்டும் குட்டையாகும். பிளாக்கின் நடுவிலிருந்து 4¾ அளந்து நான்கு பக்கமும் சமமாக எடுத்தாயிற்று.

ஜூன் 9

அடுக்கிப் பார்க்கும் நாள். தரையில் பரப்பி, கைபேசியில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் எந்தெந்த நிறம் பின்னணியோடு கரைகிறது என்று உடனே தெரியும். வெளிர் மஞ்சள் இரண்டும் கிட்டத்தட்டக் காணாமல் போயின. அவற்றை எடுக்க வேண்டியதில்லை. ஓரத்தில் வைக்காமல் இரண்டு அடர்நிறங்களுக்கு நடுவே வைத்தால் எடுபடும். அடுக்கு முடிந்ததும் ஒவ்வொரு வரிசைக்கும் எண் எழுதிய காகிதத் துண்டு குத்தியாயிற்று.

ஜூன் 11

குட்டை இடைப்பட்டை 2 × 9½, மொத்தம் 24. இங்கே இஸ்திரி இடைப்பட்டைப் பக்கம். அதில் தையல் இல்லாததால் மடிப்பு படிந்து உட்காரும், நிறமும் அதே சாம்பல்தான்.

ஒவ்வொரு வரிசையும் 51½ வர வேண்டும். நான்காவது வரிசை மட்டும் 51. காரணம் தேடியதில், நடுவே மெஷினை அணைத்துப் போட்டதில் ஊசி பழைய நடு இடத்துக்குத் திரும்பியிருந்தது. எட்டுத் தையல், ஒவ்வொன்றிலும் அரை நூல்: நான்கு நூல், அதாவது அரை இன்ச். இழுத்துச் சமாளிக்கக்கூடிய அளவு இல்லை. எட்டையும் பிரித்து மறுபடி தைத்தாயிற்று. மெஷினைப் போட்டவுடன் முதலில் ஊசியின் இடத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஜூன் 12

நீள இடைப்பட்டை ஐந்து, 2 × 51½. 42 இன்ச் துணி போதாது, ஒட்டுப் போட வேண்டும். 45 டிகிரி சாய்வாக ஒட்டுப் போட்டால் ஒரே நிறத் துணியில் கண்டுபிடிக்கவே முடியாது.

இதிலும் கோத்துக்கொள்ள எதுவும் இல்லை, பழைய சிக்கலேதான். குறியிடாமல் தைத்தால் கீழ் வரிசை மெல்ல நகர்ந்து, நெடுக்கே குட்டை இடைப்பட்டைகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். பட்டையின் இரு ஓரத்திலும் குறிகள்: 9¼, 10¾, 19¾, 21¼, 30¼, 31¾, 40¾, 42¼. ஒவ்வொரு குறியிலும் ஒரு குண்டூசி.

ஜூன் 13

பார்டர். ஓரத்தை அளந்து வெட்டக்கூடாது. ஓரம் கையாண்டு கையாண்டு நீண்டிருக்கும், அந்த அளவுக்கு வெட்டினால் பார்டர் அலையடிக்கும். நெடுக்கே நடுவில் அளந்ததில் 62. அதே அளவில் இரண்டு பட்டை வெட்டி, பாதி, கால் என்று மடித்துக் குறிவைத்துத் தைத்தாயிற்று. பிறகு மேலும் கீழும், 57½.

அடித்துணியை 66 இன்ச் நீளத்தில் இரண்டாக வெட்டி, ஒட்டுத் தையல் குறுக்கே வரும்படி அரை இன்ச் விட்டுத் தைத்தாயிற்று. நெடுக்கே ஒட்டினால் நான்கு மீட்டர் ஆகும்.

ஜூன் 14

மூன்று அடுக்கையும் சேர்க்கும் வேலை. அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க, ஓரங்களில் டேப். விறைப்பாக இருக்க வேண்டும், இழுபட்டிருக்கக்கூடாது; இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சுருங்கி அடியில் மடிப்பு விழும். மேலே பேட்டிங், அதற்கு மேல் குவில்ட். நான்கு இன்ச்சுக்கு ஒன்றாகக் கிட்டத்தட்ட 240 ஊக்கு, நடுவிலிருந்து வெளியே. எல்லா ஊக்கும் நெடுக்குத் தையல்களின் மேலேயே. அதன் காரணம் நாளைய கோடுகளில்.

ஜூன் 15 முதல் 17

குவில்டிங் நேர்கோடுகள், நெடுக்கே மட்டும். குறுக்கேயும் போட்டால் போர்வை அட்டை மாதிரி விறைக்கும்.

இந்த அளவுகளில் ஒரு வசதி இருக்கிறது. பிளாக்கின் பகுதி 3 இன்ச், இடைப்பட்டை 1½, பார்டர் 3. எல்லாத் தையலும் 1½ இன்ச்சின் மடங்கில்தான் விழுகின்றன. கோடுகளையும் 1½ இன்ச் இடைவெளியில் போட்டு, முதல் கோட்டை ஓரத்திலிருந்து ¾ இன்ச்சில் தொடங்கினால், எந்தக் கோடும் தையல் மேல் விழாது. ஒவ்வொரு தையலுக்கும் இருபுறமும் ¾ இன்ச் தள்ளியே ஓடும். தையலுக்கு மேலேயே கோடு போட்டால், தையல் அரை நூல் கோணினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மொத்தம் 38 கோடு. ஊக்கு எதுவும் வழியில் இல்லை.

வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம்), 90/14 ஊசி, தையல் நீளம் 3 மி.மீ., ஃபுட் அழுத்தம் ஒரு படி குறைவு. முதலில் நான்கு இடைப்பட்டைகளின் நடுக்கோடு, துணி நகராமல் பிடித்துக்கொள்ள. பிறகு இடையில் ஆறு ஆறாக, கடைசியில் இரு புறமும் எட்டு எட்டாக. எல்லாக் கோடும் மேலிருந்து கீழ். ஒன்று மேலிருந்தும் அடுத்தது கீழிருந்தும் தைத்தால் மேல்துணி எதிரெதிராக இழுபட்டு, இரண்டு கோட்டுக்கு நடுவே சாய்வான சுருக்கங்கள் விழும். பேட்டிங்கின் வெளி ஓரத்திலேயே தொடங்கி வெளி ஓரத்திலேயே முடித்தால் நூல் முடிச்சு போட வேண்டாம், பைண்டிங் பிடித்துக்கொள்ளும்.

மேசைக்கு வெளியே தொங்கும் பாரம் ஊசியை இழுக்கும். தையல் திடீரென்று பொடியாக விழுவது அதனால்தான். இடப்பக்கம் இன்னொரு மேசையைச் சேர்த்துப் போட்டதும் சரியாயிற்று.

ஜூன் 18

ஓரம் நறுக்கி, 2½ இன்ச் பட்டை ஏழை ஒட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பைண்டிங். ஆறு பட்டை போதாது: சுற்றளவு 249 இன்ச், ஒட்டுக்கும் முனைக்கும் போக ஆறில் 240 கூட வராது. தைக்கும் முன் சும்மா ஒருமுறை சுற்றிவைத்துப் பார்த்ததில் ஓர் ஒட்டு சரியாக மூலையில் வந்தது. தொடங்கும் இடத்தை ஒரு சாண் தள்ளியாயிற்று.

மூலைக்குக் கால் இன்ச் முன்பே நிறுத்தி, பட்டையை மேலே 45 டிகிரியில் மடித்து, பிறகு கீழே இறக்கி, ஓரத்திலிருந்து மறுபடி தொடக்கம். கால் இன்ச்சைத் தாண்டித் தைத்துவிட்டால் பின்பக்கம் திருப்பும்போது மூலை உருண்டுவிடும்.

ஜூன் 21

பின்பக்கம் கைத்தையல் முடிந்தது. ஊசி பேட்டிங் வரை இறங்கி வர வேண்டும், முன்பக்கம் எட்டிப்பார்க்கக்கூடாது. மூலை மடிப்பின் உள்ளேயும் இரண்டு தையல்.

குளிர்ந்த தண்ணீரில், சாயம் உறிஞ்சும் தாள் ஒன்று போட்டு அலசியாயிற்று. தாள் வெளிர் இளஞ்சிவப்பாக வந்தது, சாம்பல் சாம்பலாகவே இருந்தது. இப்போது நிழலில் விரித்துக் காய்கிறது. பேட்டிங் சுருங்கச் சுருங்கக் கோடுகளுக்கு இடையே துணி மெல்ல உப்பி வருகிறது.