உடைந்த சுவரின் ஓரம்: மூன்றாவது தடவை ஒருவழியாக

சின்ன வீரர் பொம்மைகளுக்காக ஃபோமில் செய்யும் இரண்டு மாடிச் செங்கல் இடிபாட்டு மாதிரி முக்கால்வாசி முடிந்துவிட்டது. இதற்கு முன் செய்த இரண்டும் குப்பைக்குப் போயின. இரண்டிலும் காலை வாரியது உடைந்த சுவரின் மேல் ஓரம்.

முதலில் கத்தியால் கோணல்மாணலாக வெட்டினேன். ரம்பப் பல் போல வந்தது. அடுத்து கையால் பிய்த்தேன், பிய்த்த ரொட்டிதான். செங்கல் சுவர் பெரும்பாலும் சாந்து இணைப்பு வழியாக, படிக்கட்டு போலத்தான் விட்டுக்கொடுக்கும். தெரிந்த விஷயம்தான், கை கேட்கவில்லை.

இம்முறை வெட்டுவதற்கு முன்பே செங்கல் கோடு போட்டேன். 5 மி.மீ. ஃபோம் போர்டு, இரு பக்கமும் தாளை உரித்து, மை தீர்ந்த பேனாவால். 215க்கு 65 மி.மீ. செங்கல் 1:56 கணக்கில் (நிஜ அளவில் 56இல் ஒரு பங்கு) 3.8க்கு 1.2 தான். அப்படியே கீறிப் பார்த்தேன், பெயிண்ட் பட்டதும் கோடு அடைந்துபோனது. 5க்கு 2.5 என்று ஏற்றிவிட்டேன். பக்கத்தில் 28 மி.மீ. வீரன் பொம்மை நிற்கும்போது யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்?

சிக்கல், இரு பக்கக் கோடுகளும் ஒரே உயரத்தில் ஓட வேண்டும். இரண்டு முனையிலும் குண்டூசியை நேராகக் குத்தி மறுபக்கம் குறித்துக்கொண்டேன். பிறகு புது பிளேடால் கோட்டை ஒட்டி ஒவ்வொரு கல்லாக வெட்டு. பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் ஃபோம் கிழியும். ஒரு சுவருக்கு மூன்று பிளேடு. கடைசியாக, வெட்டிய ஓரத்தின் 5 மி.மீ. தடிமன் மீதும் கோட்டை இழுக்க வேண்டும். பழைய இரண்டும் பல்லிளித்தது இங்கேதான். ஒரு சுவருக்கு ஒரு மாலை முழுக்கப் போனது, ஆனால் ஓரத்தைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

அப்புறம் ஒரு சொதப்பல். ஃபோமைக் காக்க பி.வி.ஏ. பசையும் (வெள்ளைப் பசை) கறுப்பு அக்ரிலிக் பெயிண்டும் கலந்து பூசியபோது ஒரு ஜன்னலின் உள்விளிம்பை விட்டுவிட்டேன். அடுத்து அடித்த ஸ்பிரே பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அங்கே புகுந்து ஃபோமைத் தின்றுவிட்டது. குண்டு துளைத்த ஓட்டை என்று சமாளிக்கப் பார்த்தேன். உருகிய ஃபோம் உருகிய ஃபோமாகத்தான் தெரிகிறது. அந்த இடத்தில் செங்கல் தூளைக் குவித்து மறைக்க வேண்டும்.

பெயிண்டிங்கில் சொல்ல அதிகமில்லை: செம்பழுப்பு, அங்கங்கே தனிக் கற்களுக்கு வேறு மூன்று நிறம், வெளிர் சாம்பலில் டிரை பிரஷ் (பெயிண்டைத் துடைத்த பிரஷால் மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்ப்பது). ஜன்னலுக்கு மேல் கரிப்புகை இன்னும் பாக்கி.

தாள் லேசாக உரியும் போர்டு கிடைத்தால் மொத்தமாக வாங்கி வையுங்கள். சிலவற்றில் தாளோடு ஃபோமும் வந்துவிடுகிறது. விளம்பரப் பலகை செய்பவர்களிடம் வெட்டுத் துண்டு கேட்டாலும் கிடைக்கும்.

கரிப்புகையை விட்டுவிட்டு நேற்றே ஒரு மணிக்கூண்டுக்கு அளவெடுத்தேன். தளங்கள் தனித்தனியே கழற்றும்படி, ஒவ்வொன்றிலும் 32 மி.மீ. பேஸ் (பொம்மையின் அடித்தட்டு) குறைந்தது இரண்டு நிற்கும்படி. வட்டச் சுவரில் செங்கல் கோட்டை எப்படி வளைப்பது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.