ரெண்டு டேக் வெள்ளையா இருந்துச்சு: புதுப் பல்லி ஒண்ணை மீட்டிங்ல காட்டப் போன கதை

மேற்குத் தொடர்ச்சி மலையில நாலு வருஷம் நெமாஸ்பிஸ்ங்கற சின்னப் பல்லி வகை பின்னாடி அலைஞ்சு, புது இனம்னு தோணின ஒண்ணை போன மாசம் ஒரு சொசைட்டி மீட்டிங்ல வச்சேன். பெர்மிட் வாங்குனது, ஃபார்மலின்ல ஃபிக்ஸ் பண்ணி 70% எத்தனாலுக்கு மாத்துனது, அதுக்கெல்லாம் முன்னாடியே டிஎன்ஏவுக்காக திசு எடுத்து வச்சது எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. (ஃபார்மலின்ல போட்டப்புறம் திசு எடுத்தா டிஎன்ஏ சரியா வராது, புதுசா வர்றவங்க மறந்துடாதீங்க.) மாட்டிக்கிட்டது லேபிள்ல.

மீட்டிங் ஹால்ல ட்ரேயில நாலு பல்லியையும் பரப்புறேன், ரெண்டோட பின்னங்கால்ல கட்டுன டேக்ல ஒரு எழுத்து இல்ல. மலையில மழைக்கு நடுவுல அவசரமா ஜெல் பேனாவுல எழுதுனது, எத்தனால் மொத்தத்தையும் கரைச்சிடுச்சு. ரெண்டும் ஆண், ரெண்டும் வேற வேற மலை. லென்ஸோட குனிஞ்ச சீனியர் சார் நிமிர்ந்து, "எங்க புடிச்சதுன்னு தெரியாட்டி இது வெறும் செத்த பல்லிப்பா"ன்னாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஏன்னா அவர் சொன்னது சரி.

அன்னிக்கு ராத்திரி ரூம்ல தூங்கவே இல்ல. எந்த நம்பர் பல்லியை எங்க புடிச்சேன்னு ஃபீல்டு நோட்டுல பென்சில்ல எழுதியிருந்தேன், அது தப்பிச்சிருந்துச்சு. உயிரோட இருக்கும்போதே நம்பர் அட்டையோட அடிவயித்தை போட்டோ எடுத்திருந்தேன், அதுல தொடைத் துளைகளை (ஆண் பல்லியோட தொடைக்கு அடியில வரிசையா இருக்குற சின்னத் துளைங்க) எண்ணுனா ஒண்ணுக்கு இடது நாலு வலது அஞ்சு, இன்னொண்ணுக்கு ரெண்டு பக்கமும் நாலு. ட்ரேயில இருக்கறதும் அப்படியே! நீளத்தை மட்டும் நம்பியிருந்தா குழம்பியிருப்பேன், பதப்படுத்துனா உடம்பு கொஞ்சம் சுருங்கும்.

காலையில சார் தானே எண்ணிப் பாத்துட்டு, பெடோம்ங்கற ஆங்கிலேயர் 1870ல பேர் வச்ச பல்லிகளோட டைப்பை (பேருக்கு ஆதாரமா வச்ச மூல மாதிரியை) ஒப்பிட்டியான்னு கேட்டார். லண்டன் மியூசியத்துல இருக்கறதோட போட்டோவெல்லாம் கேட்டு வாங்கி வச்சிருந்தேன், காட்டினேன், ஒத்துக்கிட்டார். ஆனா மீட்டிங்குக்குக் கொடுத்த அப்ஸ்ட்ராக்ட்ல (பேச்சோட சுருக்கத்துல) நான் வைக்கப்போற பேரைப் போட்டிருந்ததுக்கு செம டோஸ். பேர் வைக்கறதுக்கான சர்வதேச விதிப்படி மீட்டிங்ல கலந்துக்கறவங்களுக்குக் கொடுக்குற அப்ஸ்ட்ராக்ட் பப்ளிகேஷனே கிடையாது, பேர் செல்லவும் செல்லாது, ஆனா எல்லாரும் பாத்துடுவாங்க. நல்லவேளை அச்சுக்குப் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க.

அடுத்தது மியூசியம். 2002 பல்லுயிர் சட்டப்படி புது இனம்னா அரசு குறிச்ச காப்பகத்துல ஸ்பெசிமன் கொடுத்தே ஆகணும், ரிஜிஸ்டர் நம்பர் இல்லாம ஜர்னலும் நகராது. கவுன்டர்ல இருந்தவர் வனத்துறை பெர்மிட்டை பாத்துட்டு "ரெண்டாவது பக்கம் எங்க?"ன்னார். எத்தனை பிடிக்கலாம்னு இருக்குற பக்கம், நான் ஜெராக்ஸ் எடுக்கல. போன்ல ஸ்கேன் இருக்கு சார்னு கெஞ்சினேன், முகத்தைக்கூட தூக்கல. எட்டு மணி நேரம் பஸ்ல திரும்பி வந்து, மறு வாரம் மறுபடியும் எட்டு மணி நேரம். இந்தத் தடவை எல்லாத்தையும் மூணு செட் எடுத்துட்டுப் போனேன், அவர் ஒரு செட்டைத்தான் வாங்கினார்.

டேக் அழியாத ஒரு ஆணைத்தான் ஹோலோடைப்பா, அதாவது பேருக்கு ஆதாரமான ஒரே மாதிரியா வச்சேன், மத்த மூணும் கூடவே வைக்கற துணை மாதிரி, பாராடைப். நம்பர் கைக்கு வந்ததும் அங்கயே உக்காந்து நாலு டேக்கையும் புதுசா எழுதிக் கட்டினேன், பென்சில்ல.