தொடையில் தெரிந்த சிவப்பு இழைகள்

அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. மலேரியா, டைபாய்டு, உண்ணிக் காய்ச்சல், காசநோய் என்று மெடிசின் வார்டில் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டார்கள். எங்கும் நெறி கட்டவில்லை. ஸ்கேனில் கட்டி இல்லை. செல்கள் சேதமானால் ரத்தத்தில் ஏறும் எல்டிஎச் என்ற நொதி மட்டும் 1,400ஐத் தாண்டி நின்றது. உடம்பு துடைத்துவிடும்போது நர்ஸ் ஒருவர் தொடையில் சிவப்பைக் கவனித்துச் சொன்னதால்தான் தோல் பிரிவுக்குச் சீட்டு வந்தது.

போய்ப் பார்த்தேன். இரண்டு தொடைகளிலும் நூல் இழை போல மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள். விரலால் அழுத்தினால் மங்கின, எடுத்தால் திரும்ப வந்தன. அடியில் லேசான கெட்டித்தன்மை.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"தெரியலைங்க டாக்டர். கட்டில்ல அழுத்தின தடம்னு விட்டுட்டேன்."

4 மி.மீ. பஞ்ச் பயாப்ஸி, அதாவது சோதனைக்காக வட்டமாக வெட்டிய சிறு தோல் துண்டு, எடுத்து அனுப்பினேன். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. ஆனால் பெத்தாலஜி டாக்டர் போன் செய்தார். "மேடம், கொழுப்பே வரலையே. கெட்டியா இருக்கிற ஆழம் வரைக்கும் எடுத்துத் தாங்க." தவறு என்னுடையது. கை தொட்டு உணர்ந்த ஆழத்துக்குக் கத்தி போகவில்லை. அதில் வீணான ஆறு நாட்கள் இன்றும் எனக்கு வலிக்கின்றன.

அவர் சந்தேகப்பட்டது இன்ட்ராவாஸ்குலர் லார்ஜ் பி-செல் லிம்ஃபோமாவை. ரத்தக் குழாய்க்குள்ளேயே வளரும் புற்றுநோய் அது. குழாய்ச் சுவரைத் தாண்டி வெளியே போக உதவும் சிடி29, சிடி54 போன்ற புரதங்கள் பல நேரம் இந்தச் செல்களில் இருப்பதில்லை. அதனால் சின்னக் குழாய்களுக்குள்ளேயே தேங்கி அடைத்துக்கொள்கின்றன. நெறி கட்டாது, கட்டி தெரியாது, ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் பெரும்பாலும் சிக்காது. 1959இல் இதை முதலில் விவரித்த ஆஸ்திரிய மருத்துவர்கள் ஃப்லேகரும் டப்பைனரும்கூடக் குழாயின் உள்சுவர்ச் செல்கள்தான் பெருகுகின்றன என்று நினைத்தார்கள். அவை லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் என்பது 1980களில்தான் உறுதியானது.

இரண்டாவது முறை தொடையில் கொழுப்போடு சேர்த்து ஆழமாக எடுத்தேன். கூடவே வயிற்றிலும் மேல்கையிலும், பார்வைக்கு நன்றாக இருந்த தோலிலிருந்தும். ஜப்பான் மருத்துவர்கள் இப்படி எடுத்தே பலருக்கு இந்த நோயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"அங்கதான் ஒண்ணுமே இல்லையே டாக்டர், அங்கயும் எதுக்கு வெட்டணும்?" என்று மகள் கேட்டார். நியாயமான கேள்வி. உட்கார்ந்து படம் போட்டு விளக்கினேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

ஸ்லைடைப் பார்க்க நானே பெத்தாலஜிக்குப் போனேன். வெளிறிய கொழுப்புக்கு நடுவே சின்னச் சின்னக் குழாய்கள், மாதுளைக்குள் முத்து போலப் பெரிய செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு. குழாய்க்கு வெளியே ஒன்றுகூட இல்லை. பி-செல்களை அடையாளம் காட்டும் சிடி20 சாயத்தில் அவ்வளவும் பழுப்பாக நின்றன. ஒன்றுமே தெரியாத வயிற்றுத் தோலிலும் அதே காட்சி.

புற்றுநோய்ப் பிரிவில் ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கினார்கள். இரண்டாவது சுற்று முடிந்து ஓ.பி.க்கு வந்தவர் தொடைத் தையலைக் காட்டி, "காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர். இதுதான் அரிக்குது" என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தேன்.