வீடியோ கம்ப்ரெஷனும் வேவ்லெட்டும்
நெட் ஸ்லோ ஆனா வீடியோ கட்டம் கட்டமா உடையுதுல்ல, படத்தை சின்னச் சின்ன பிளாக்கா வெட்டி ஒவ்வொண்ணையும் தனித்தனியா சுருக்குறதாலதான் அது. வேவ்லெட்னா படத்தை மங்கலான மொத்த உருவம், நுணுக்கமான விவரம்னு பிரிக்கிற ஒரு கணித முறை, அதுல அந்த வெட்டே வேணாம், முழு ஃப்ரேமையும் ஃபில்டர் பண்ணா மங்கலான சின்னப் படம் ஒண்ணு, விளிம்பு விவரம் மூணுன்னு நாலு துண்டு கிடைக்கும், அந்தச் சின்னப் படத்தையே திரும்பத் திரும்ப பிரிச்சுக்கிட்டே போகலாம். ரொம்ப எளிமையான ஹார் வேவ்லெட்ல பாருங்க, பக்கத்து பக்கத்து பிக்சல் 100, 102ன்னா சராசரி 101, வித்தியாசம் 2, அவ்ளோதான். வித்தியாசம் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், அதுலதான் மிச்சம் புடிக்கிறோம்.

1993ல ஷாப்பிரோங்கற ஆராய்ச்சியாளர் சொன்ன ஜீரோட்ரீ எனக்கு ரொம்பப் புடிச்ச ஐடியா. மேல் லெவல்ல, அதாவது பல தடவை பிரிச்ச சின்னப் படத்தோட லெவல்ல, ஒரு இடத்துல விவர மதிப்பு சின்னதா இருந்தா கீழ் லெவல்ல அதே இடமும் அநேகமா சின்னதாதான் இருக்கும், மொத்தக் கிளைக்கும் ஒரே குறியீடு போதும்! என்ன அழகு.

டிஜிட்டல் சினிமா தியேட்டருக்குப் போறது வேவ்லெட் வெச்ச ஜேபெக் 2000ங்கற பட ஃபார்மட்தான், ஆனா அங்க ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியா சுருக்குறாங்க, அதனால பிட்ரேட் நொடிக்கு 250 மெகாபிட் வரைக்கும் போகும்.

கஷ்டமெல்லாம் அசைவுலதான். முந்தின ஃப்ரேம்லேர்ந்து பிளாக் பிளாக்கா மோஷன் கணிச்சா, கணிப்புக்கும் நிஜ ஃப்ரேமுக்கும் உள்ள வித்தியாசமான மிச்சப் படத்துல பிளாக் ஓரம் கூர்மையா நிக்கும், வேவ்லெட்டுக்கு அது ஆகவே ஆகாது, பிபிசியோட வேவ்லெட் வெச்ச டிராக் கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கிற முறை) அதுக்காகத்தான் பிளாக்குகளை ஒண்ணு மேல ஒண்ணு ஏற விட்டுச்சு. அசைவுப் பாதையிலயே, காலத்தின் திசையிலயும் வேவ்லெட் போடுற வழிலதான் இன்னும் நிறைய உழைக்கணும்னு நான் உறுதியா நம்புறேன், யாராவது இதுல வேலை பாக்குறீங்கன்னா கமெண்ட்ல வாங்க பேசலாம்.