உள்ளே வைரஸ் இருப்பது டி செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

மலப்புறத்தில் நிபா என்று செய்தி வந்தாலே எங்கள் கூடலூர்ப் பக்கம் நாடுகாணி சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி நெற்றிச் சூட்டைப் பார்ப்பார்கள். சூடு இல்லாதவர் உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று அதில் தெரியாது. நம் உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் பார்க்கிற விதமே வேறு, அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

உட்கரு உள்ள கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களில் கொஞ்சத்தை நறுக்கி, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளாக, எம்எச்சி என்ற மூலக்கூறின் பள்ளத்தில் வைத்து வெளிப்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கிறது. வைரஸ் புகுந்துவிட்டால் அதன் துண்டும் சேர்ந்து வெளியே வரும். அதற்குப் பொருந்தும் ஏற்பி உள்ள டி செல் வந்து ஒட்டி, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு கிரான்சைம் என்ற நொதியை உள்ளே அனுப்ப, அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

துண்டு மட்டும் இருந்தால் போதாது, அது டி செல்லின் சொந்த உடம்புக்கே உரிய எம்எச்சி மேல் இருக்கணும். விஞ்ஞானிகள் டோஹர்ட்டியும் ஜிங்கர்நாகலும் 1974-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் எலிகளை வைத்துக் கண்டது இதைத்தான், அதற்கு 1996-ல் நோபல் பரிசு.

சரி, வைரஸ் சும்மா இருக்குமா? சைட்டோமெகலோ வைரஸ் மாதிரி சில, எம்எச்சியையே வெளியே வரவிடாமல் தடுத்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்: அப்படி எதையுமே காட்டாத செல்லை, காட்டவில்லை என்பதற்காகவே இயற்கைக் கொல்லி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் வந்து தீர்த்துவிடும்.