பிள்ளைகளோடு ஹோர்ட்டன் சமவெளி

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் விடிவதற்கு முன்னரே நுவரெலியாவிலிருந்து வெளிக்கிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் மூடுபனி ஏறிவிடும். உலக முடிவு என்ற செங்குத்தான மலைவிளிம்பின் 800 மீற்றருக்கும் அதிகமான பள்ளம் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். உலக முடிவை முதலில் பாருங்கள், பேக்கர் அருவி திரும்பும்போது. விளிம்பில் சின்னவர்களின் கையை விடவே வேண்டாம். பொலித்தீனை வாசலிலேயே எடுத்துவிடுவார்கள், பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் கட்டுங்கள்.

போன முறை ஒரு மரை மான், வாயில் புல்லோடு தலையைத் தூக்கி என் மகளையே பார்த்தது. மூச்சுக்கூட விடாமல் நின்றாள். பிறகு மெதுவாக, "அம்மா, அதன் இமையில் பனித்துளி" என்றாள்.