ஏற்காட்டு மொசைக் தரையில் ஆசிட் ஊற்றிவிட்டார்கள்

மாமாவின் சதாபிஷேகத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஏற்காட்டு வீட்டில்தான் தங்கப்போகிறார்கள், ஹாலையும் கார்ப்பெட்டையும் ஆள் வைத்து ஒருமுறை சுத்தம் செய்துவிடலாம் என்று நினைத்தேன். அதில் பட்டதை எழுதிவைக்கிறேன். பழைய மொசைக் தரை வைத்திருப்பவர்களுக்காவது உதவட்டும்.

சேலத்திலிருந்து வந்த முதல் ஆட்கள் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தனை சதுர அடிங்க்கா?" என்ன தரை, என்ன கறை, எத்தனை வருஷப் பழசு என்று ஒரு வார்த்தை இல்லை. விலை குறைவாகச் சொன்னார்கள், நானும் சரி என்றுவிட்டேன்.

நான் அடுக்களையில் அவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி. ஓடி வந்து பார்த்தால், பிளாஸ்டிக் கேனிலிருந்து ஆசிட்டை நேராகத் தரையில் ஊற்றிப் பிரஷ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தரை முழுக்க சுர்ரென்று நுரை. "பாருங்க்கா, அழுக்கு எப்படிக் கிளம்பி வருதுன்னு" என்றான் ஒரு பையன். கிளம்பி வந்தது அழுக்கு இல்லை. மொசைக் என்பது சிமெண்ட்டில் பதித்த மார்பிள் சில்லு. மார்பிள் சுண்ணாம்புக் கல் இனம். அதன் மேல் ஆசிட் பட்டால் கல்லே கரைந்து வாயுவாகப் பொங்கும். அந்த நுரைதான் அது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது, பின்னால் தெரிந்துகொண்டேன்.

புது வீட்டு டைல்ஸில் ஒட்டிய சிமெண்ட்டை எடுக்க மேஸ்திரிகள் ஆசிட் போடுவார்கள். அந்தப் பழக்கத்தையே எல்லாத் தரைக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். காய்ந்த பிறகு பார்த்தால், 1978-ல் மாமா நின்று போட்ட தரை, முகம் தெரிகிற மாதிரி இருந்த தரை, சாம்பல் பூத்ததுபோல் கிடந்தது. கை வைத்தால் சொரசொரப்பு. குளியலறையில் ஆசிட்டை ஊற்றிவிட்டு, அதே கையோடு பிளீச்சிங் பவுடரையும் தூவப் போனான் இன்னொருவன். நல்லவேளை, அதைத் தடுத்துவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடின அறையில் உயிருக்கே ஆபத்து. இதை மட்டும் யாரும் மறக்காதீர்கள்.

கார்ப்பெட் கதை இன்னும் மோசம். அத்தை காசிக்குப் போய்த் திரும்புகிற வழியில் பதோஹியில் வாங்கியது, கையால் முடிச்சுப் போட்ட கம்பளி. அதன் மேல் ஷாம்பூத் தண்ணீரைக் குடம் குடமாக விட்டு, சுழல் பிரஷ் ஓட்டி, வைப்பரால் தள்ளிவிட்டு, "ஃபேன் போட்டு விடுங்க்கா, நாளைக்குக் காஞ்சிரும்" என்று கிளம்பிவிட்டார்கள். ஐப்பசி மாதம், ஏற்காட்டில், நாளைக்குக் காயுமாம்! ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வருகிறது. மூன்றாம் நாள் ஊறல் வாடை. ஓரத்துப் பருத்திக் குஞ்சமெல்லாம் டீ கொட்டினதுபோல் பழுப்பேறிவிட்டது. இரும்பு ஸ்டூலைத் திரும்ப ஈரத்திலேயே வைத்துவிட்டுப் போனதில் துரு வட்டம் வேறு. போன் செய்தால், "பழைய தரைங்க்கா, அப்படித்தான் இருக்கும்" என்று பதில். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரி நான் அழுதேன்.

இரண்டாவதாக வந்தவர் அறுபது வயதிருக்கும், தரை பாலிஷ் வேலையிலேயே இருப்பவர். அழகாபுரத்தில் ஒரு உறவினர் வீட்டில் செய்திருந்தார். போனில் விலையே சொல்லவில்லை. "படம் அனுப்புங்கம்மா, பக்கத்துல வெச்சு ஒண்ணு, தள்ளி நின்னு ஒண்ணு" என்றார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மெஷினோடு வந்தும் சேர்ந்தார். வந்த அன்று வேலை நடக்கவில்லை. அவர் மெஷினுக்கு 15 ஆம்ப் பிளக் பாயிண்ட் வேண்டும். எங்கள் பழைய வீட்டு ஹாலில் இருப்பதெல்லாம் 5 ஆம்ப். கன்வெர்ட்டர் பிளக் போட்டு ஓட்டலாமா என்று கேட்டேன். "வயர் சூடாகி எரிஞ்சிரும்மா" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஒரு நாள் கூலியும் வண்டி வாடகையும் என் கையிலிருந்து போனது. எலக்ட்ரீஷியனைப் பிடித்து மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க மேலும் இரண்டு நாள். மலை வீட்டுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் முதலில் பிளக் பாயிண்ட்டைப் பாருங்கள்.

வந்த அன்றே அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. கட்டிலுக்கு அடியில், ஆசிட் படாத மூலையில், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டார். கொஞ்ச நேரத்தில் துடைத்தால் அந்த இடம் மட்டும் மங்கிப்போயிருந்தது. "இப்படி ஆச்சுன்னா சுண்ணாம்புக் கல்லும்மா, புளிப்பு எதுவுமே ஆகாது. கிரானைட்னா ஒண்ணும் ஆகாது." ஆசிட் தின்ற மங்கல் கறை இல்லை, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, மேல் தோலைச் சீவித் திரும்பப் பாலிஷ்தான் ஏற்ற வேண்டும் என்பதையும் அவர்தான் விளக்கினார்.

வைரத்தூள் பதித்த பேடுகள். 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று எண் ஏற ஏற நைசாகும். எங்கள் தரைக்கு 50 வேண்டாம், 100 போதும் என்று தொடங்கினார். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே தண்ணீர் விட்டுக் கழுவி, வெட் வேக்யூமால் உறிஞ்சி எடுத்தார். முந்தின பேடின் ஒரு மணல் தங்கினாலும் அடுத்ததில் கீறல் விழுமாம். 400 தாண்டும்போதே ஜன்னல் வெளிச்சம் தரையில் தெரிய ஆரம்பித்தது. உதவிக்கு வந்த பையன் அந்தச் சேற்றை அடுக்களை சிங்க்கில் ஊற்றப் போனான், நான் வாளியைப் பிடுங்கிவிட்டேன். சிமெண்ட் கலந்த சேறு, குழாயில் போய் இறுகினால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். இரண்டே நாளில் ஹால் முடிந்தது.

கார்ப்பெட்டை அவரே பார்த்து, சுத்தம் செய்கிற இன்னொருவரிடம் சொல்லி அனுப்பினார். அந்தக் கார்ப்பெட்காரர் அடிப்பக்கத்திலிருந்து ஒரு இழை பிய்த்துக் கொளுத்தினார். முடி கருகின வாடை, கம்பளிதான். நைலான் என்றால் உருகி உருண்டை பிடிக்குமாம். ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்திப் பார்த்தார், சாயம் ஒட்டவில்லை. அப்புறம் சொன்னார்: "இதை மேல வெச்சுக் காய வைக்கவே முடியாதுங்க. கீழ கொண்டு போயிரலாம்."

மடிக்காமல் உருட்டி, வண்டியின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டி, சேலத்துக்கு இறக்கினோம். அங்கே முதலில் காய வைத்து, தலைகீழாகப் போட்டுத் தட்டியதில் உதிர்ந்த மணலைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போயிற்று. அதை எடுக்காமல் தண்ணீர் விட்டால் சேறாகி வேரிலேயே தங்கும் என்றார். பிறகு கம்பளிக்கென்று உள்ள காரமில்லாத சோப்பு, தண்ணீரைத் தெளித்த கையோடு உறிஞ்சுகிற மெஷின், முந்தின ஷாம்பூ நுரை நிற்கும்வரை அலசல். குஞ்சத்துப் பழுப்புக்கு மிதமான சிட்ரிக் ஆசிட் கரைசல். கார்ப்பெட்டுக்கு மட்டும்தான் அது, தரைக்கு ஆகாது. மாடியில் கொட்டகை நிழலில், பெரிய காற்றாடி வைத்து, ஒன்றரை நாளில் காய்ந்துவிட்டது. ஊறல் வாடை துளியும் இல்லை.

கார்த்திகை பிறந்த வாரம் விரித்தோம். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் ஒருமுறை நடந்தார்.

துரு வட்டம் மட்டும் போகவில்லை. அதற்கு மருந்து உண்டு, ஆனால் சிவப்புச் சாயத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம், நான் தொடமாட்டேன் என்று கார்ப்பெட்காரர் சொல்லிவிட்டார். இப்போது அதன் மேல் சோபா நிற்கிறது, நான்கு கால்களுக்கும் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கிறேன்.